மின்கலவடுக்கு ஓய்வது ஏன்?

காலையில் அவசரமாகப் புறப்படும் வேளையில் திறப்பைத் திருப்ப, மோட்டார் வண்டி அசையாது வாளாவிருக்கும் அனுபவத்தை வண்டியுடையார் பலர் பெற்றிருப்பர். 'பற்றரி இறங்கிவிட்டது' என்று கூறிப் புதியதொன்றை வாங்கிப் பூட்டுதலே வழக்கமாகும். அப்புதியதும் சில வாரங்களில் ஓயுமாயின் என் செய்வது? நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்து கொடுத்தல் முறை. அம்முறையை இங்கு ஆராய்வோம்.

முதற்கண் அமைப்பை நோக்குவோம். பிரான்சிய அறிஞர் கஸ்தோன் பிளான்ரே 1859 ஆம் ஆண்டில் ஆக்கிய ஈயவமிலக் கலமே திருத்தமுற்று இன்றும் பெரும்பாலான வண்டிகளின் இயந்திரத்தைத் தொடக்கி வைக்கின்றது. ஐதான சல்பூரிக்கமிலத்தில் ஈயத் தகடுகளும் ஈயவீரொட்சைட்டுத் தகடுகளும் அமிழ்ந்திருக்கும். மின் இறங்குங்கால் இருவகைத் தகடுகளிலும் ஈயசல்பேற்றுப் படியும். அமிலமும் வலிமை குன்றும். மின்னேற்றுங்கால் இத்தாக்கம் எதிர்மாறாக நிகழும். ஒரு கலம் ஏறத்தாழ 2.1 உவோற்றுத் தருதலின், ஆறு கலங்கள் தொடராயமைந்த அடுக்கு நிறைந்த நிலையில் 12.6 உவோற்றளவு காட்டும். 12.2 காட்டுமாயின் ஏறத்தாழ அரைப்பங்கே எஞ்சியுள்ளது. இறங்கிய நிலையில் நெடுநாள் விடப்பட்டால் சல்பேற்று இறுகிப் பளிங்காகும். பின்னர் முழு ஏற்றத்தை ஏலாது. ஆதலின் ஒவ்வோர் ஓய்வும் அடுக்கின் ஆயுளைக் குறைப்பதாகும்.

தோட்டத்து நீர்த்தொட்டி காலையில் வெறுமையாயிருப்பின், தொட்டி வெடித்திருக்கலாம். போதிய நீர் இறைக்கப்படாதிருக்கலாம். அன்றேல் எங்கோ குழாய் திறந்திருக்கலாம். மின்கலவடுக்கிற்கும் இம்மூன்று வினாக்களே உரியன.

முதலாவது: அடுக்கு மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கின்றதா? அதனை முற்றாக ஏற்றி, இணைப்புக் கம்பிகளைக் கழற்றி, ஓரிரவு விட்டு அளத்தல் வேண்டும். எதனுடனும் இணையாதிருந்தும் அழுத்தம் 12.4 உவோற்றுக்குக் கீழ் வீழ்ந்தால் குறை அடுக்கினதே. மூடி திறக்கக்கூடிய அடுக்காயின் நீரடர்த்திமானியால் அமிலத்தையும் சோதிக்கலாம். நிறைந்த கலத்தில் அது 1.27 அளவு காட்டும். ஐந்து கலங்கள் ஒத்திருக்க ஒன்று மட்டும் பெரிதுங் குறைந்திருப்பின் அக்கலம் பழுதுற்றதாகும்.

இரண்டாவது: போதிய ஏற்றம் பெறுகின்றதா? இயந்திரம் ஓடும்போது முனைகளில் அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 உவோற்று வரை இருத்தல் வேண்டும். குறைந்தால், தளர்ந்த பட்டி, தேய்ந்த மின்பிறப்பாக்கி, பச்சை பூத்த முனைகள் ஆகியவற்றை ஆராய்க. நாடோறும் மிகக் குறுந்தூரமே ஓடும் வண்டியும் இழந்ததை முற்றாக மீட்பதில்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்க்கு, சுழற்றிய அளவே மின் கிடைக்குமென்பது புதிய பாடமன்று.

மூன்றாவது: வண்டி நிற்கும்போது மின் கசிகின்றதா? பலரும் கேட்கத் தவறும் வினா இதுவே.

எம் நண்பரான ஆசிரியர் ஒருவரின் வண்டி திங்கட்கிழமை காலைகளில் மட்டும் ஓய்ந்துவிடும். கடைக்காரர் சொற்படி புதிய அடுக்கொன்று வாங்கினார். மூன்றாம் வாரத் திங்களன்று அதுவும் ஓய்ந்தது. நாம் சோதித்தபோது அடுக்கு ஏற்றத்தைத் தேக்கிற்று, மின்பிறப்பாக்கியும் 14.2 உவோற்றுத் தந்தது. எனவே எஞ்சியது கசிவே. வண்டியை நிறுத்தி, மறைக்கம்பியைக் கழற்றி, அதற்கும் முனைக்குமிடையே அம்பியர்மானியைத் தொடராக இணைத்தோம். வண்டியின் கணினிகள் உறங்கும்வரை அரைமணி நேரம் பொறுத்தோம். பொதுவாக 0.05 அம்பியருக்கு மேற்படலாகாத ஓட்டம் 0.45 ஆக நின்றது. உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற, உள்விளக்குகளின் உருகியை எடுத்ததும் அது 0.03 ஆக வீழ்ந்தது. உருகியை மீண்டும் இட்டுச் சிறிது பொறுத்துப் பின்புறப் பொதியறையைத் திறந்து விளக்கைத் தொட்டோம்; சுட்டது! ஆளி பழுதுற்றமையால், மூடியபின்னும் அவ்விளக்கு அணையாதிருந்தது.

கணக்கு எளிது. வாரநாளிரவில் 14 மணி நேரத்திற் கசிவது ஏறத்தாழ 6 அம்பியர்மணி, வண்டி புறப்பட்டுவிடும். வெள்ளி மாலை ஏழு தொடக்கம் திங்கட் காலை ஏழு வரை 60 மணி நேரம். கசிவு 27 அம்பியர்மணி. அடுக்கின் முழுக் கொள்ளளவே 45 ஆகும். திங்கட்கிழமையின் மறைபொருள் இதுவே.

இச்சோதனை செய்வார்க்கு எச்சரிக்கை ஒன்று: அம்பியர்மானி தொடரில் இருக்கும்போது இயந்திரத்தைத் தொடக்கலாகாது, தொடக்கி மோட்டார் இழுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட அம்பியரை மானி தாங்காது. ஏற்றப்படும் அடுக்கிலிருந்து ஐதரசன் வாயு எழுமாதலின் அருகில் தீயும் ஆகாது.

நண்பரின் பழுது சிறியதோர் ஆளியோடு தீர்ந்தது. ஆயின் அவர் முன்னர்க் கழித்த அடுக்கில் குறையிருந்ததோ என்பதை எவரும் சோதித்திலர். மாணவர் கருதத்தக்கது இதுவே: ஒன்றை மாற்றுவதற்கு முன், அது குற்றமுடையதென அளந்து நிறுவுதல் வேண்டும். ஆய்வுகூடத்தில் நாம் கற்ற அப்பழக்கம் வண்டிக் கொட்டிலிலும் பயன்படுவதாக.