தையலுக்குள் சிக்கிய கந்தகம்

திருப்பூர்

அன்புக் கண்ணு,

அமராவதி நகர் பக்கம் பெட்ரோல் பங்க்கில் ‘பி.எஸ். 6’ என்று எழுதியிருக்கிறதே, அது என்ன அப்பச்சி என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

2012-ல் உனக்கு இரண்டு வயது. சென்னையைத் தாண்டினால் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்த நாட்கள் அவை. நம் ஜாப் ஒர்க் கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடாவிட்டால் ஓவர்லாக் மிஷின் ஒன்றும் ஓடாது. தெரு முழுக்கக் கரும்புகை. அந்தக் கருப்பு கரித்தூள். டீசலில் இருக்கும் கந்தகமோ கண்ணுக்குத் தெரியாது. டீசல் எரியும்போது அது கந்தக டை ஆக்சைடாகிக் காற்றில் கலக்கும். பிறகு அமிலமாகவும் நுண்துகளாகவும் மாறி நுரையீரலுக்குள் போகும்.

அன்று நமக்கு வந்த டீசலில் 350 பி.பி.எம். வரை, அதாவது பத்து லட்சம் பங்கில் 350 பங்கு வரை, கந்தகம் இருக்கலாம் என்பது சட்டம். அதே நாளில் சென்னைக்கு அளவு 50. 2010-லேயே 13 நகரங்களுக்கு மட்டும் நல்ல டீசல் கொடுத்தார்கள். திருப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னைக்காரன் நுரையீரல் நம்முடையதைவிட உசத்தியா என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 2017-ல்தான் 50 என்பது நாடு முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா ஊருக்கும் 10. நீ கேட்ட ‘பி.எஸ். 6’ டீசல் இதுதான். 200 லிட்டர் பேரலில் முன்பு 58 கிராம் வரை இருந்த கந்தகம் இன்று இரண்டு கிராமுக்கும் கீழே.

அதை எப்படி எடுக்கிறார்கள்? நம் பக்கத்து டீசல் கொச்சி ஆலையிலிருந்து குழாய் வழியே இருகூருக்கும் கரூருக்கும் வருகிறது. அங்கே ஆலையில், 350 டிகிரி அளவுச் சூட்டிலும் பெரிய அழுத்தத்திலும், டீசலோடு ஹைட்ரஜனைச் சேர்த்து கோபால்ட், மாலிப்டினம் கலந்த வினையூக்கியின் மேல் ஓட்டுவார்கள். ஹைட்ரஜன் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவாக வெளியே வரும். அந்த வாயுவிலிருந்து மஞ்சள் கந்தகத்தைப் பிரித்து விற்றுவிடலாம். கந்தக அமிலத்துக்கும், அதன் வழியே உரத்துக்கும் அதுதான் மூலப்பொருள்.

செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டுவதைப் பார்த்திருக்கிறாயே. வெளியே தொங்கும் நூலை வெட்ட ஒரு நொடி போதும். தையலுக்குள் மாட்டியதை எடுக்கத்தான் கண் வலிக்கும். டீசலிலும் அப்படித்தான். சில மூலக்கூறுகளில் கந்தக அணு இரண்டு மெத்தில் தொகுதிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். வினையூக்கி அதை எளிதில் தொட முடியாது. 350-லிருந்து 10-க்கு இறங்கும்போது மிச்சமிருப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். அதற்கென்றே ஆலைகள் புதிய கருவிகளும் கூடுதல் ஹைட்ரஜனும் தேடவேண்டியிருந்தது. இதில் இன்னொரு கூத்து: கந்தகத்தோடு டீசலின் இயற்கையான வழவழப்பும் போய்விடும். பம்ப் தேயாமலிருக்க அதற்குத் தனி மருந்து சேர்க்கிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, வண்டிப் புகைக்குழாயிலேயே ஒரு வடிகட்டியை மாட்டினால் என்ன என்பாய். மாட்டலாம். ஆனால் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிக்குக் கந்தகமே விஷம். மெல்ல மெல்ல அதைச் செயலிழக்க வைத்துவிடும். ஆகவே எண்ணெய் முதலில் திருந்தவேண்டும், வண்டி அப்புறம்.

எரிப்பதற்கு முன்பே எடுப்பதா, எரித்தபின் கழுவுவதா? இதை நம் ஊர்க்காரனுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. சாயத்தண்ணீரை நொய்யலில் விட்டோம். அது ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன பிறகே வெளியே விடும் முன்பே சுத்திகரிப்பது கட்டாயம் என்று உறைத்தது.

இப்போது கடலைப் பார். நம் பனியன் தூத்துக்குடியிலிருந்து போகும் கப்பல்களின் எண்ணெயில் 2019 வரை 3.5 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம் என்று சர்வதேச விதி இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் 0.5 சதவீதம், அதுவே நம் பங்க் டீசலைப்போல 500 மடங்கு. சில கப்பல்கள் பழைய எண்ணெயையே எரித்து, புகையைக் கடல்நீரால் கழுவி, அந்த நீரைக் கடலிலேயே விடுகின்றன. சர்வதேச விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் சிங்கப்பூர் தன் துறைமுக நீரில் அப்படி விடுவதை 2020 முதலே தடைசெய்துவிட்டது.

உன் அப்பச்சி