பழைய விளையாட்டு ஏன் உறைந்து நிற்கிறது?

திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் பெரியதொரு ரயில்வே பணிமனை இருக்கிறது. 1920-களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கு இடம் மாறி வந்த பணிமனை அது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு 46 கிலோமீட்டர் மலையேறும் ரயிலின் நீராவி எஞ்சின்கள் இங்குதான் பழுது பார்க்கப்படுகின்றன. அவற்றுள் பழையவை சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. நிலக்கரியில் ஓடிய அந்த எஞ்சின்களில் சிலவற்றை 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு எண்ணெயில் ஓடும்படி மாற்றினார்கள்.

அவ்வாறு மாற்றும்போது தொட்டி, குழாய், எண்ணெயைத் துளிகளாகச் சிதறச் செய்யும் பர்னர் எல்லாம் புதிதாகச் சேர வேண்டும். பழைய உடலில் புதிய உறுப்புகள்! அத்தகைய எஞ்சின் ஒன்று நின்றுபோனால் குறை எங்கே என்று தேடுவது? பழைய உறுப்பிலா, புதிய உறுப்பிலா, அல்லது இரண்டும் இணையும் இடத்திலா?

இதே கேள்வி உங்கள் வீட்டுக் கணிப்பொறியிலும் எழுவதுண்டு. ‘ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி’ விளையாட்டு கணிப்பொறிக்கு வந்தது 2003-இல். ‘ஸ்கைரிம்’ வெளிவந்தது 2011-இல். இன்றும் பலர் இவற்றை ஆடுகிறார்கள். ஆடுவோர் சும்மா இருப்பதில்லை. புதிய வாகனம், புதிய உடை, புதிய ஊர் என்று பிறர் எழுதிய சிறு நிரல்களையும் படங்களையும் சேர்க்கிறார்கள். இவற்றுக்கு ‘மாட்’ என்று பெயர். நாம் ‘சேர்ப்பு’ என்று சொல்லலாம். சேர்ப்புகள் பெருகப் பெருக, ஒருநாள் திரை அசையாமல் நிற்கிறது. அல்லது விளையாட்டு திடீரென்று மறைந்து விடுகிறது. உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதே பலருடைய வழக்கம். அதனால் பல மாதம் ஆடிச் சேமித்ததும் போகலாம். குறை என்னவென்றும் தெரியாமற் போகும்.

நிற்பது வேறு, விழுவது வேறு

முதலில் நோயை இனம் பிரிப்போம். ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று நாம் சொல்வது உறைவு. விளையாட்டு இன்னும் கணிப்பொறிக்குள் இருக்கிறது, ஆனால் முன்னேறவில்லை. முடிவில்லாத ஒரு சுழலில் அது சிக்கியிருக்கலாம். அல்லது அதன் இரு பகுதிகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கலாம். இரு மாணவர்களை நினைத்துக் கொள்ளுங்கள். ஒருவன் கையில் கவராயம், மற்றவன் கையில் அளவுகோல். படம் வரைய இருவருக்கும் இரண்டும் வேண்டும். ‘நீ கொடு, பிறகு நான் தருகிறேன்’ என்று இருவரும் உட்கார்ந்தால் மணி அடிக்கும்வரை படம் வராது!

‘கிராஷ்’ என்பது அப்படியன்று. தனக்கு ஒதுக்கப்படாத நினைவக இடத்தை நிரல் தொட முயல்கிறது. விண்டோஸ் அதைத் தடுத்து வெளியேற்றிவிடுகிறது. விண்டோஸில் ‘ஈவன்ட் வியூவர்’ என்ற பதிவேடு உண்டு. எந்த நிரல், அதன் எந்தக் கோப்பில் விழுந்தது என்பது அதில் பதிவாகும். ஆனால் விழுந்த இடமே குறையின் இடம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெட்டி தடம் புரண்டு கிடக்கும் இடம் ஒன்று. தண்டவாளம் விரிசல் கண்ட இடம் வேறொன்றாக இருக்கலாம்.

எப்போது நிகழ்கிறது?

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று தடவை குறித்துக் கொள்ளுங்கள்: எந்த இடத்தில், எத்தனை நிமிடம் கழித்து, என்ன செய்யும்போது?

தொடங்கும்போதே விழுந்தால், ஒரு சேர்ப்புக்குத் தேவையான வேறொரு கோப்பு இல்லாமலிருக்கலாம். குறிப்பிட்ட தெருவுக்குப் போகும்போதெல்லாம் விழுந்தால், அந்தத் தெருவை மாற்றும் சேர்ப்பின்மேல் ஐயம் கொள்ளலாம். எங்கு போனாலும் அரைமணி, ஒருமணி கழித்து விழுந்தால் நினைவகப் பற்றாக்குறையோ வெப்பமோ காரணமாகலாம். திருச்சி வெயிலில், தூசி அடைத்த விசிறியுள்ள கணிப்பொறிக்கு இந்த இரண்டாவது காரணத்தை மறக்கக் கூடாது. சேர்ப்பே இல்லாத வேறொரு பெரிய விளையாட்டும் அதேபோல் நின்றால், குறை இயந்திரத்தில் இருக்கலாம்.

நினைவகம் எவ்வாறு தீர்கிறது?

‘என் கணிப்பொறியில் 16 ஜிகாபைட் நினைவகம் உண்டே, அது எப்படித் தீரும்?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பழைய விளையாட்டுகள் 32 பிட் நிரல்கள். ஒவ்வொரு நினைவக அறைக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். 32 இரும இலக்கங்களால் எழுதக்கூடிய முகவரிகள் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 4,29,49,67,296 மட்டுமே. இதுவே 4 ஜிகாபைட். அதிலும் பாதியை விண்டோஸ் தனக்கென வைத்துக்கொள்ளும். நிரலுக்குக் கிடைப்பது வழக்கமாக 2 ஜிகாபைட். ஊரில் ஆயிரம் வீடு இருந்தாலும், இரண்டு இலக்க எண் மட்டுமே எழுதத் தெரிந்த தபால்காரரால் 99-க்கு மேல் போக முடியாதல்லவா?

பெரிய படங்கள் கொண்ட சேர்ப்புகளை ஏற்றினால் இந்த 2 ஜிகாபைட் விரைவில் நிரம்பும். ‘ஸ்கைரிம்’ விளையாட்டிலும் இப்படித்தான் ஆயிற்று. 2011 டிசம்பரில் வந்த திருத்தம், 64 பிட் விண்டோஸில் அது ஏறத்தாழ 4 ஜிகாபைட் வரை பயன்படுத்த வழி செய்தது. 2016-இல் வந்த சிறப்புப் பதிப்பு 64 பிட் நிரலாகவே அமைந்தது.

இன்னோர் எல்லையும் உண்டு. அதே விளையாட்டின் 2011 பதிப்பில் ஒவ்வொரு சேர்ப்புக் கோப்புக்கும் ஒரு வரிசை எண் தரப்படுகிறது. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் ஒரே பைட், எட்டு இலக்கம், 256 எண்கள். கடைசி எண்ணை விளையாட்டு தனக்கு எடுத்துக்கொள்வதால் மூலக் கோப்பையும் சேர்த்து 255-க்கு மேல் இடமில்லை.

வேகமும் ஒரு காரணமாகலாம். ‘ஸ்கைரிம்’ தன் பொருள்களின் அசைவை வினாடிக்கு 60 படம் என்ற கணக்கை நம்பிக் கணக்கிடுகிறது. புதிய கணிப்பொறி அதற்கு மேல் ஓட்டினால் மேசைமேல் உள்ள தட்டும் கிண்ணமும் தாமே பறக்கும்! படவேகத்தை 60-க்குள் கட்டினால் அவை அடங்கும்.

பாதியாக்கும் முறை

64 சேர்ப்புகளில் ஒன்று கெட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் 63 சோதனை வரை ஆகலாம். அதற்குப் பதில் 32-ஐ நிறுத்தி வையுங்கள். விளையாட்டு இன்னும் விழுந்தால் குறை மீதி 32-இல் இருக்கிறது. விழாவிட்டால் நிறுத்தி வைத்ததில் இருக்கிறது. அடுத்து 16, பிறகு 8, 4, 2, 1. ஆறே சோதனையில் குற்றவாளி அகப்படுவான்!

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்றை நம்பி இயங்கும் மற்றொன்றைப் பிரிக்கக் கூடாது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். மேலும், இரு பாதிகளும் தனித்தனியே நன்றாக ஓடி, சேர்ந்தால் மட்டும் விழுவதும் உண்டு. அப்போது குறை ஒன்றில் இல்லை, இரண்டின் மோதலில் இருக்கிறது. முதற்பாதியை முழுவதும் வைத்துக்கொண்டு மற்ற பாதியை மட்டும் பாதி பாதியாகக் குறையுங்கள். ஒன்று அகப்பட்டதும் அதை வைத்துக்கொண்டு முதற்பாதியைக் குறையுங்கள். அதன் எதிரியும் அகப்படும்.

சோதனைக்கு முன் சேமித்த ஆட்டக் கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். சோதனையைப் புதிய ஆட்டத்தில் செய்யுங்கள். ‘ஸ்கைரிம்’ போன்றவற்றில், நீக்கிய சேர்ப்பின் சுவடு பழைய சேமிப்புக்குள் தங்கிவிடும். அது உங்கள் முடிவைக் குழப்பும். ஒரு சோதனைக்கு ஒரே மாற்றம் செய்யுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றிக் குறை நீங்கினால், எதனால் நீங்கியது என்று எப்படிச் சொல்வீர்கள்? ‘எல்லாக் குறையையும் தீர்க்கும்’ என்று வரும் முன்பின் தெரியாத நிரலை ஏற்றாதீர்கள். அதில் வைரஸ் இருக்கலாம்.

எண்ணெய்க்கு மாறிய நீராவி எஞ்சினாயினும், சேர்ப்புகள் நிறைந்த பழைய விளையாட்டாயினும், குறை தேடும் ஒழுங்கு ஒன்றே: கவனி, குறித்துக்கொள், பிரித்துப் பார், ஒவ்வொன்றாக மாற்று. ஊகம் எங்கே தேடத் தொடங்குவது என்று சொல்லும். தீர்ப்பைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

செய்து பாருங்கள்

1. நண்பனை 1 முதல் 1000 வரை ஓர் எண்ணை நினைக்கச் சொல்லுங்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடை மட்டும் பெற்று, பத்தே கேள்விகளில் அதைக் கண்டுபிடியுங்கள். ஏன் பத்து போதும்? (குறிப்பு: 2-இன் பத்தாம் அடுக்கு எவ்வளவு?)

2. சேர்ப்புகள் 200 இருந்து, ஒன்று மட்டும் கெட்டதானால் அதிக அளவில் எத்தனை சோதனை வேண்டும்?

3. உங்கள் சைக்கிளின் டைனமோ விளக்கு எரியவில்லை. விளக்கு, கம்பி, டைனமோ ஆகிய மூன்றில் குறை எதில் என்று அறிய, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்யும் சோதனைத் திட்டம் ஒன்றை எழுதுங்கள்.