நாய்களின் உண்ணிக் காய்ச்சலும் அதன் தடுப்பும்

மஸ்கெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் நாயில்லாத லயத்தைக் காண்பது அரிது. மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பதும், கோழிக்கூட்டுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் இரவுக் காவலாக இருப்பதும், சிறுத்தை வருவதைக் குரைத்து அறிவிப்பதும் நாயே. இத்தகைய நாய் இரண்டு மூன்று நாட்கள் உணவு கொள்ளாமல் சுருண்டு கிடந்தால், சூடு என்றோ எவரோ நஞ்சு வைத்தனர் என்றோ கருதி விட்டுவிடுவது வழக்கம். அது உண்ணியினால் பரவும் இரத்தக் கிருமி நோயாகவும் இருக்கலாம். காலத்தோடு அறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய் அது.

நோய்க்குக் காரணம்

இந்நோயை உண்டாக்கும் கிருமிகள் பலவகைப்படும். அவற்றுள் பபேசியா என்பது சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை அழித்துச் சோகையை உண்டாக்கும். இலங்கையில் காணப்படும் பபேசியா ஜிப்சோனி என்னும் வகையை 1910ஆம் ஆண்டில் பட்டன் என்னும் ஆய்வாளர் சென்னை வேட்டை நாய்களின் இரத்தத்திலும் நரியின் இரத்தத்திலும் கண்டு விவரித்தார். ஏர்லிக்கியா என்னும் மற்றொரு கிருமி வெள்ளணுக்களைப் பற்றும். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்து, மூக்கிலும் ஈறிலும் இரத்தம் கசியும். ஹெப்பற்றோசூன் என்பதோ, நாய் உண்ணியைக் கடித்து விழுங்குவதால் தொற்றுவது. ஒரே நாயில் இரண்டு கிருமிகள் ஒருங்கே இருத்தலும் உண்டு.

உண்ணி வாழும் முறை

நாயின் பழுப்பு உண்ணி முட்டையிலிருந்து ஆறுகாற் குஞ்சாகவும், பின் எட்டுக்கால் இளம் உண்ணியாகவும், இறுதியில் முதிர்ந்த உண்ணியாகவும் வளரும். ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை இரத்தம் குடித்தபின் அது நாயை விட்டுக் கீழே விழும். பெண் உண்ணி சுவர் வெடிப்பிலும் தரைப் பிளவிலும் நான்காயிரம் வரை முட்டைகளை இடும். முதிர்ந்த உண்ணி உணவின்றிப் பல மாதங்கள் உயிர்வாழ வல்லது. மலைக்குளிர் கடுமையாயினும், அடுப்பு எரியும் காம்பராவின் வெதுவெதுப்பு அதற்குப் போதும்.

ஆகவே உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது நாயின் மேலன்று, வீட்டிலேயாம். மாடு மேயும் புல்வெளியில் ஏறும் வேறு வகை உண்ணிகளும் உள.

அறிகுறிகள்

காய்ச்சல், சோர்வு, உணவில் வெறுப்பு, மெலிவு ஆகியன முதலில் தோன்றும். அப்போது உதட்டை உயர்த்தி ஈறைப் பார்த்தல் வேண்டும். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருப்பின் தாமதம் கூடாது. சிறுநீர் கடுஞ்சாயத்தின் நிறத்தில் போவதும், கண் மஞ்சளிப்பதும் நோய் முற்றியதைக் காட்டும். எலிக்காய்ச்சலிலும் இவ்விரு குறிகள் தோன்றலாம்; அது மனிதருக்கும் தொற்றுவதாகையால் நாயின் சிறுநீரைத் தொடலாகாது; கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

சிகிச்சை

மஞ்சள் கண்டு கீழாநெல்லி கொடுத்துக் காத்திருப்பதால் கிருமி அழிவதில்லை, நாட்களே வீணாகும். நாயை அரசாங்கக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும். காதோரத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் நோக்கிக் கிருமியை அவர் அறிவார். பபேசியாவுக்கு டைமினசீன் முதலிய ஊசிமருந்துகளும், ஏர்லிக்கியாவுக்கு வழக்கமாக நான்கு வாரம் டொக்சிசைக்கிளின் மாத்திரையும் அளிக்கப்படும். ஊசிமருந்தின் அளவு மிகுந்தால் மூளை பாதிக்கப்படுமாதலால், பிறர் அதனைப் போடுதல் ஆகாது. நாய் எழுந்து உண்ணத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு. பபேசியா ஜிப்சோனி சிகிச்சைக்குப் பின்னும் இரத்தத்தில் ஒளிந்திருந்து மீண்டும் தலைகாட்டலாம். எனவே மறுபரிசோதனை அவசியம்.

தடுப்பு

1. நாள்தோறும் மாலையில் காது, கழுத்து, விரலிடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பார்க்கவும். பபேசியாவைச் செலுத்த உண்ணி இரண்டொரு நாள் கடித்திருத்தல் வேண்டும். ஏர்லிக்கியாவுக்கோ சில மணிநேரமே போதும்.

2. உண்ணியைச் சிறு சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவும். விரலால் நசுக்காது அடுப்பிலிடவும். நாயின் மேல் தீக்குச்சியோ மண்ணெண்ணெயோ உபயோகிக்க வேண்டாம்.

3. தேயிலைக்கும் மரக்கறிக்கும் தெளிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் ஊற்றலாகாது. நாய் அதனை நக்கி மடியும், குழந்தைகளுக்கும் ஆபத்து. வைத்தியர் கூறும் மாத்திரை, கழுத்துப்பட்டி, முதுகில் இடும் மருந்து ஆகியவற்றையே கொள்க. பெர்மெத்திரின் கலந்த மருந்து பூனைக்கு நஞ்சாகும்.

4. நாய் படுக்கும் சாக்கை வாரந்தோறும் கொதிநீரில் இடுக. சுவர் வெடிப்புகளைச் சீமெந்தாலோ களிமண்ணாலோ அடைத்துச் சுண்ணாம்பு பூசுக.

5. நாய்கள் சண்டையிடும்போது கடிகாயத்தின் வழியாகவும் பபேசியா ஜிப்சோனி தொற்றும். தாயிடமிருந்து குட்டிக்கும் அது செல்லும். ஆதலின் நோயுற்ற பெட்டை நாயைக் குட்டியீனச் செய்யாதிருத்தல் நலம்.

லயத்தின் காம்பராக்கள் ஒரே சுவரைப் பங்கிட்டுக் கொள்வன. ஒரு குடும்பம் வெடிப்பை அடைத்து, அடுத்த குடும்பம் அடைக்காது விடின், உண்ணி சுவரைக் கடந்து திரும்பி வரும். செலவிட்ட பணமும் உழைப்பும் வீணாகும். லயத்தார் அனைவரும் கூடி ஒரு விடுமுறை நாளைக் குறித்து, எல்லாக் காம்பராக்களையும் அன்றே துப்புரவு செய்து, எல்லா நாய்களுக்கும் அன்றே மருந்திடுவார்களாயின், சில மாதங்களில் உண்ணி வெகுவாகக் குறையும். ஊரைக் காக்கும் நாயை ஊரே கூடிக் காத்தல் வேண்டும்.