பரிசில் வாழ்க்கையும் கலைஞனின் வரிசையும்

கல்வியின் பயன் உத்தியோகமே எனக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கின்றது. திங்கள்தோறும் சம்பளமும் முதுமையில் ஓய்வூதியமும் தரும் வாழ்வை ஒருவன் நாடுதல் குற்றமாகாது. ஆயினும் சித்திரம், இசை, நிழற்படம், எழுத்து, மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் பயின்ற இளைஞருள் ஒரு சாரார், எவருக்கும் நிலையான ஊழியராகாது, வந்த வேலையை ஏற்று, அதற்குரிய ஊதியத்தைப் பெற்று வாழும் வழியை இன்று தெரிந்துகொள்கின்றனர். அவரைச் சுயாதீனக் கலைஞர் என்கின்றோம். வீட்டில் இருந்தபடியே கணினியில் சித்திரம் தீட்டிக் கடல் கடந்த நிறுவனத்துக்கு அனுப்பும் இளைஞனும் அவருள் ஒருவன். பெற்றோரோ, “இது ஒரு தொழிலா?” என்று கலங்குகின்றனர்.

இத்தகைய வாழ்க்கை தமிழருக்குப் புதியதன்று. சங்ககாலத்துப் புலவரும், பாணரும், பொருநரும், கூத்தரும், விறலியரும் இவ்வாறே வாழ்ந்தனர். அவரைப் பரிசிலர் என நம் நூல்கள் வழங்கும். அவர் எவ்வாறு தொழிலில் வளர்ந்தனர், பலருள்ளும் எவ்வாறு தனித்து விளங்கினர் என்பதை ஆராய்வோமாயின், இன்றைய கலைஞர்க்கும் வேண்டிய பாடம் கிடைக்கும்.

ஒரு நிலத்தைத் தனதாக்கல்

ஐங்குறுநூறு என்னும் தொகையை நோக்குக. அதில் ஐந்து திணைகளுக்கும் திணைக்கு நூறாக ஐந்நூறு பாக்கள் உள. மருதத்தை ஓரம்போகியாரும், நெய்தலை அம்மூவனாரும், குறிஞ்சியைக் கபிலரும், பாலையை ஓதலாந்தையாரும், முல்லையைப் பேயனாரும் பாடினர். ஒவ்வொருவருக்கும் ஒரு நிலம் உரியதாயிற்று. கபிலர் பிற பொருள்களையும் பாடியவரே. பாரியின் பறம்பு மலையை அவர்போற் பாடினார் பிறரிலர். எனினும் குறிஞ்சி என்றவுடன் கபிலர் பெயரே நம் நினைவுக்கு வருகின்றது. அவ்வுரிமை அவருக்கு எளிதில் வாய்த்ததன்று. 261 அடிகளையுடைய குறிஞ்சிப்பாட்டில் மலைநாட்டு மகளிர் பறித்துக் குவித்த ஏறக்குறைய நூறு மலர்களைப் பெயர்சொல்லி நிரல்பட அடுக்கியுள்ளார். மலையை நுணுகிக் கண்டு கற்றவர்க்கே இஃது இயலும். தனித்து விளங்க விழையும் கலைஞன் எல்லாவற்றையும் சிறிது சிறிது அறிந்திருத்தல் போதாது. ஒன்றையேனும் பிறர் அறியாத ஆழத்திற்கு அறிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இன்னுமொரு செய்தி. சங்கப் புலவருட் சிலருடைய இயற்பெயரை நாம் அறியோம். அவர் பாட்டில் அமைந்த ஓர் அரிய தொடரே அவருக்குப் பெயராயிற்று. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், மீனெறி தூண்டிலார் என்போர் அத்தகையர். தாய் தந்தையர் இட்ட பெயர் மறைந்தது. அவர் கண்ட ஒரு காட்சி நிலைத்தது. செய்த வேலையே செய்தவனை அறிமுகம் செய்தற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பிழைப்பும் கலையும்

புலவர் யாவரும் பரிசிலை மட்டுமே நம்பியிருந்தனர் என எண்ணுதல் தவறு. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மருத்துவன் தாமோதரனார் என்னும் பெயர்களை நோக்குக. தானியம் விற்றவரும், துணி விற்றவரும், மருத்துவம் செய்தவரும் புலவர் வரிசையில் இடம்பெற்றனர். தொடக்கத்திலே வேறொரு தொழிலைத் துணையாகக் கொண்டு கலையை வளர்க்கும் இளைஞன் நாணவேண்டியதில்லை. அத்துணைத் தொழில் அவனுக்கு வறுமையினின்றும் காவலாகும். தகாத வேலையை மறுக்கும் துணிவையும் தரும்.

வேற்றுப்புலம் நாடல்

பொருநராற்றுப்படை 248 அடிகளையுடையது. முடத்தாமக்கண்ணியாராற் கரிகால் வளவன்மீது பாடப்பட்டது. அதன் தொடக்கத்திலே ஒரு பொருநன் காட்டப்படுகின்றான். ஊரிலே விழா முடிந்துவிட்டது. மறுநாளும் அங்கே தங்கினால் அவனுக்குச் சோறு கிடைக்கும். அவன் அதனை விரும்பாது வேற்றிடத்தை நினைத்துப் புறப்படுகின்றான். பெற்ற கைதட்டலிலே மயங்கி, ஆடிய களத்திலேயே மறுபடியும் ஆடிக்கொண்டிருப்பவன் வளர்வதில்லை என்பதை அப்புலவர் ஒரு பயணத்தின் தொடக்கத்திலேயே உணர்த்திவிட்டார்.

நம் ஈழத்துக்கும் இதிற் பங்குண்டு. ஈழத்துப் பூதன்தேவனார் பாடிய ஏழு பாக்கள் சங்கத் தொகைகளில் உள. குறுந்தொகையில் மூன்றும், அகநானூற்றில் மூன்றும், நற்றிணையில் ஒன்றுமாக அவை அமைந்துள்ளன. ஈழம் என்னும் அடைமொழியைத் தம் பெயரோடு தாங்கிய புலவர் ஒருவரின் செய்யுட்கள் மதுரையிலும் பிறவூர்களிலும் வாழ்ந்த புலவரின் செய்யுட்களோடு ஒருசேரத் தொகுக்கப்பட்டமை நாம் நினைந்து மகிழ்தற்குரியது.

வரிசை அறிதல்

பரிசில் வாழ்க்கையின் உயிர்நாடி இதுவே. வரிசை என்பது தகுதியின் அளவு. மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் கூறிய அறிவுரை புறநானூற்றின் 121ஆம் பாட்டாக உள்ளது. பலரும் பரிசில் வேண்டி வருவர். அவர்க்குக் கொடுத்தல் எளிது. ஒவ்வொருவருடைய தகுதியையும் அளந்தறிதலே அரிது. ஆகலின் புலவர் எல்லாரையும் ஒரே நோக்காகப் பார்த்தலை ஒழிக என்பது அதன் கருத்து.

இக்கருத்தைத் தம் வாழ்விலே நடத்திக் காட்டியவர் பெருஞ்சித்திரனார். அதியமான் நெடுமான் அஞ்சியைக் காண மலை பல கடந்து சென்றார். அவன் அவரை நேரிற் காணாது பரிசிலை மட்டும் அனுப்பினான். புலவர் ஏற்கவில்லை. என்னைக் காணாமலே என் தகுதியை எங்ஙனம் அறிந்தான்? கொடுத்ததைக் கொண்டுபோகும் வணிகனல்லேன். என் கல்வியின் அளவை அறிந்து தருவானாயின் தினையளவே ஆயினும் அஃது எனக்கு இனிது என்று உரைத்தார். இது 208ஆம் பாட்டு. இளவெளிமான் தம் தகுதி நோக்காது சிறிது கொடுத்தபோதும் அவர் அதனை வாங்காது சென்று, குமணனிடம் யானையைப் பரிசிலாகப் பெற்று, அதனை இளவெளிமானின் காவல் மரத்திலே கட்டிவிட்டு, இரப்போரைக் காப்பவரும் உலகில் உளர் என அறிவித்துத் திரும்பினார்.

இப்புலவரின் வீட்டில் வறுமை இருந்தது. பசியால் வாடிய மனைவியையும் மக்களையும் அவர் பாட்டுக்களே காட்டுகின்றன. செல்வச் செருக்கால் எழுந்த மறுப்பன்று அது. ஒருமுறை தகுதி அறியப்படாத கூலியைத் தலைவணங்கி வாங்கியவன், அடுத்தமுறையும் அதனையே பெறுவான் என்பதை அவர் அறிந்திருந்தார். வேலை தருவோன் கூறும் எத்துணைச் சிறு தொகைக்கும் உடன்பட்டுத் தன் உழைப்பை மலிவாக்கும் இளைஞன் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

பரிசில் நீட்டித்த இடத்தும் நம் புலவர் வாய்மூடியிருந்திலர். ஆவூர் மூலங்கிழார் பாண்டியன் ஒருவனை நோக்கி, இயல்வதாயின் தருதல், இயலாதாயின் இல்லையென்றல் ஆகிய இரண்டுமே நட்பின் வழி. தருவதாகச் சொல்லிக் காலம் கடத்துதல் இருவர்க்கும் கேடு என்று இடித்துரைத்தார். அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயிற்காவலனை விளித்து, கோடரியோடு காடு புகும் தச்சன் மக்களுக்கு மரம் இல்லாமற் போகுமா, கலை வல்லார்க்கும் எத்திசைச் செல்லினும் உணவுண்டு என்னும் கருத்தமையப் பாடினார். இன்றைய கலைஞன் வேலை தொடங்குமுன் தொகையையும் தவணையையும் எழுத்திற் பெற்றுக்கொள்வானாயின் இடித்துரைக்கும் தேவையும் குறையும்.

ஆற்றுப்படுத்தல்

பத்துப்பாட்டிலே முருகாற்றுப்படை நீங்கலான ஆற்றுப்படைகள் நான்கும் பரிசிலர் உலகத்துக்கு உரியன. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வழியிலே வறுமையுற்ற வேறொரு கலைஞனைக் கண்டு, “நீயும் அங்கே செல்க” என்று வழிகாட்டுவதே ஆற்றுப்படையின் அமைப்பு. நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையில், வழிகாட்டும் பாணன் தன் பழைய வறுமையை மறைக்கவில்லை. குப்பையிற் பறித்த கீரையை உப்பின்றிச் சமைத்து, பிறர் காணாதவாறு கதவடைத்து உண்ட நாளைக் கூறி, இன்று நல்லியக்கோடனால் எய்திய நலத்தையும் கூறுகின்றான். எந்த ஊரில் எவர் என்ன உணவு தருவர் என்பதையும் விரிக்கின்றான். 583 அடிகளையுடைய மலைபடுகடாமோ வழியின் இடர்களையும் சொல்லும். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வரும் என்பனவெல்லாம் அதிற் காணலாம்.

இப்பாட்டுக்கள் வள்ளலைப் புகழ்தற்கு எழுந்தனவே. எனினும் அப்புகழ்ச்சிக்குப் புலவர் தெரிந்தெடுத்த உருவம் யாது? ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்லும் உருவம். தனக்குக் கிடைப்பது குறையுமே என்று அவன் அஞ்சவில்லை. புலவர் உலகில் போட்டி இல்லாமலில்லை. ஆனால் அது கல்வியாற் பெறும் வெற்றியாகவே இருந்தது. உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனப் பிழையாகக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழார் முன்வந்து பரிசில் வாழ்க்கையின் தூய்மையை எடுத்துரைத்து அவனை உய்வித்தார். கல்வியால் மாற்றாரை நாணச் செய்து தலைநிமிர்ந்து செல்வதன்றிப் பிறர்க்குத் தீங்கு நினையாதது அவ்வாழ்க்கை என்பது அவர் வாதம்.

கொள்வனவும் தள்ளுவனவும்

அவ்வாழ்வில் ஒன்றை மட்டும் நாம் பின்பற்றலாகாது. பெற்றதைப் பேணி வைக்காது உண்டும் கொடுத்தும் தீர்த்தலைப் புலவர் தம் பெருமையாகக் கொண்டனர். குமணன் தந்த செல்வத்தைப் பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் ஒப்புவித்து, எல்லோர்க்கும் கொடு, என்னைக் கேளாதே என்றார். அன்று மற்றொரு வள்ளல் இருந்தான். இன்றோ வேலையில்லாத திங்களுக்கு வேலையுள்ள திங்களிலே பொருள் சேர்த்து வைத்தல் கடமை. கொடைக்குணம் வேண்டும்; சேமிப்பும் உடன் வேண்டும்.

மாணாக்கர்காள்! உங்கள் கலையில் ஒரு நிலத்தை உங்களதாக்குங்கள். விழா முடிந்ததும் அடுத்த ஊரை நினையுங்கள். உங்கள் வரிசையை நீங்களே முதலில் அறிந்து, அதனை அறிந்து தருவோரிடம் வேலை கொள்ளுங்கள். பெற்றோர், இப்பிள்ளைகள் புகுந்த வழி முன்னோர் நடந்து தடம்பதித்த வழியே என்று தேறியிருப்பாராக. பழைய மாணவராகிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆற்றுப்படைப் பாணனைப்போல, நீங்கள் கண்ட வழியையும் அவ்வழியிலுள்ள குழிகளையும் இளையோர்க்கு மறையாது கூறுங்கள். யூபிலி ஆண்டிலே கல்லூரிக்கு நீங்கள் செலுத்தக்கூடிய காணிக்கைகளுள் இதுவும் ஒன்றாகும்.