ஹேர் டை பூசும் முன்…

நரைக்குப் பூசும் டையில் கருமையைத் தருவது பெரும்பாலும் பி.பி.டி. என்கிற பாரா ஃபினிலின் டையமின். சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. நெற்றியோரம் அரிப்பில் தொடங்கி, கண்ணிமை திறக்க முடியாதபடி முகம் வீங்கிவிடும். வருடக்கணக்காகப் பூசி ஒன்றும் ஆகாதவருக்கும் திடீரென்று வரலாம். ஒருமுறை வந்தால் அந்த அலர்ஜி பெரும்பாலும் வாழ்நாளுக்கும் இருக்கும்.

‘அமோனியா இல்லாதது’, ‘ஹெர்பல்’ என்று அட்டையில் போட்டிருந்தால் பி.பி.டி. இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். கைக்கு வைக்கும் மருதாணியிலும் இதே கவனம் வேண்டும். அசல் மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். அரை மணியில் கருகருவென்று பிடிக்கிற மருதாணிக் கோனை, அதுவும் குழந்தைகளின் கையில், தயவுசெய்து வைக்காதீர்கள். அந்தக் கருமைக்கும் பெரும்பாலும் இதே பி.பி.டி.தான் காரணம். சிறுவயதில் இப்படி அலர்ஜி ஆனவர்களுக்குப் பின்னாளில் தலைக்கு டை அடிக்கும்போது கடுமையாகத் தாக்கக்கூடும்.

ஒவ்வொரு முறையும், பழகிய பிராண்டாகவே இருந்தாலும், பாக்கெட்டில் சொன்னபடி காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அதை விட்டுவிடுங்கள். புருவத்துக்கும் இமைக்கும் வேண்டவே வேண்டாம். பார்வையே போகலாம் என்று பாக்கெட்டிலேயே எச்சரிக்கை இருக்கும். பூசும்போது கையுறை அவசியம்.

மிச்சமான பாக்கெட்டைக் குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், 108-ஐ அழைக்கலாம்.