மீன்குளத்தை முழுக்க இறைக்காதீர்கள்

பள்ளிவாசல் ஹவுளை இறைத்துத் தேய்த்துக் கழுவுவதுபோல, கோய் மீன் வளர்க்கும் கொல்லைக் குளத்தைக் கழுவக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். வடிகட்டிப் பஞ்சில் வாழும் பாக்டீரியாக்களே அதன் விஷத்தை முறிக்கின்றன. அவை அழிந்தால், தெளிந்த நீரிலும் மீன் சாகும்.

வாரம் ஒருமுறை 10 சதவீத நீரை மட்டும் மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை 24 மணி நேரம் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். பஞ்சைக் குளத்து நீரிலேயே அலசுங்கள். 5 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள். கோடையில் நீர் சூடேறினால் ஆக்சிஜன் குறையும். இரவிலும் காற்று மோட்டார் ஓடட்டும்.

வளர்க்க முடியாவிட்டால் கொளவாய் ஏரியில் விடாதீர்கள். கோய் அயல்நாட்டுக் கெண்டை. நம் மீன்களின் இரையைப் பறிக்கும். வளர்ப்பவரிடம் கொடுங்கள். வாயில்லா ஜீவனும் நம்மிடமுள்ள அமானிதமே.