புரட்டாசியில் ஓடலாமா?



புரட்டாசி பிறந்தால் நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் கறி, மீன், முட்டை கிடையாது. குறுவட்ட விளையாட்டுப் போட்டியும் அந்த மாதமே வந்தது. நான் 1500 மீட்டருக்குப் பெயர் கொடுத்திருந்தேன். எங்கள் வீட்டில் மாடு இல்லாததால் பால், தயிரும் இல்லை. ஆகவே அந்த ஒரு மாதம் நான் சாப்பிட்டது முழுக்க முழுக்கச் செடி கொடியில் விளைந்ததுதான். சத்துணவில் முட்டைக்குப் பதில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஆயா, "கறி திங்காம ஓடுனா மயங்கி வுழுந்துடுவ பாப்பா" என்றார். அது வெறும் பயம் இல்லை. புரட்டாசிக்கு முன்னால் நர்சம்மா ரத்தம் பார்த்தபோது எனக்கு ஹீமோகுளோபின் 11.2 இருந்தது. நம் வயதுப் பெண் பிள்ளைகளுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. "இன்னும் கொறைஞ்சா ஓட விடமாட்டேன்" என்று பி.டி. சார் சொல்லிவிட்டார். அதனால்தான் அறிவியல் டீச்சரிடம் கேட்டுக் கேட்டு இதைப் படித்தேன்.

1. ஓடுவதற்கு என்ன வேண்டும்?

ஓடும்போது தசைக்கு எரிபொருள் மாவுச்சத்து. அது கிளைக்கோஜனாகத் தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும். சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி என்று கல்வராயன் மலையில் விளைவது எல்லாமே மாவுச்சத்துதான். கென்யா நாட்டு ஓட்டக்காரர்களின் முக்கிய உணவு 'உகாலி'. அது மக்காச்சோள மாவில் கிண்டும் களி! கூடவே கீரையும் பயறும் உண்டு. (அவர்கள் பாலும், கொஞ்சம் கறியும் சேர்த்துக்கொள்வார்கள்.)

2. புரதத்துக்கு எங்கே போவது?

13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 43 கிராம் புரதம் வேண்டும். நான் போட்ட கணக்கு (வேகவைக்கும் முன் எடை):

துவரம் பருப்பு 50 கிராம் – புரதம் 11 கிராம்
பச்சைப்பயறு 50 கிராம் – 12 கிராம்
வேர்க்கடலை 30 கிராம் – 7 கிராம்
கேழ்வரகு 100 கிராம் – 7 கிராம்
அரிசி, சாமை 200 கிராம் – 14 கிராம்
மொத்தம் – 51 கிராம்

ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். ஒரு கைப்பிடி பயறிலேயே அது கிடைத்துவிடும். தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். சோறும் பருப்பும், களியும் கொள்ளுக் குழம்பும் நல்ல ஜோடி.

ஆனால் மரவள்ளிக் கிழங்கை மட்டும் தின்று வயிற்றை நிரப்பக் கூடாது. அதில் புரதம் மிகமிகக் குறைவு. வயிறு 'நிறைஞ்சிடுச்சி' என்று சொல்லும், தசைக்கு ஒன்றும் போயிருக்காது.

3. இரும்புச்சத்து – இதுதான் முக்கியம்

நுரையீரலில் இருந்து தசைக்கு ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதைச் செய்ய இரும்பு வேண்டும். அது குறைந்தால் இரண்டாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்கும். மாதவிடாயிலும் இரும்பு போகும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. அதாவது பாதிப் பேருக்கு மேல்!

கறியில் உள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும். கீரை, பயறில் உள்ளது அவ்வளவு எளிதாகச் சேராது. அதற்கு வழிகள்:

அ) சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று. வைட்டமின் சி இரும்பைச் சேர வைக்கும்.
ஆ) பயறை ஊறவைத்து முளைகட்டுவது. இரும்பைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் குறையும்.
இ) சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும். (வரட்டீ கூடத்தான்!)
ஈ) பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல மாத்திரையை ஜன்னல் வழியாக எறியாமல் விழுங்குவது.

4. செடியில் கிடைக்காத ஒன்று

வைட்டமின் பி12 செடி உணவில் இல்லை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் ஒரு மாதம் இல்லாவிட்டால் பாதகமில்லை. வருடக் கணக்கில் பாலும் முட்டையும் விடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா?

• அமெரிக்காவின் கார்ல் லூயிஸ் செடி உணவு மட்டும் சாப்பிட்ட காலத்தில்தான், 1991இல் டோக்கியோவில் 100 மீட்டரை 9.86 வினாடியில் ஓடி உலக சாதனை செய்தார்.
• பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் சைவமாக இருந்தவர். 2011இல் 100 வயதில் டொரண்டோவில் 42.195 கி.மீ. மாரத்தானை ஓடி முடித்தார்.

5. எனக்கு என்ன ஆச்சு?

முதல் வாரம் 1500 மீட்டர் – 6 நிமிடம் 48 வினாடி. நான்காம் வாரம் – 6 நிமிடம் 31 வினாடி. ஹீமோகுளோபின் 11.2இல் இருந்து 11.6 ஆனது. மயங்கி விழவில்லை. போட்டியில் நான்காவதாக வந்தேன்.

"அப்ப சைவம் சாப்பிட்டா வேகம் வரும்!" என்று என் தோழி சொன்னாள். அப்படிச் சொல்ல முடியாது. அந்த மாதம் நான் தினமும் பயிற்சியும் செய்தேன், மாத்திரையும் போட்டேன், கீரையும் தின்றேன். எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. ஒரே ஆளை வைத்துச் செய்தது சோதனையும் ஆகாது. திட்டம் போட்டுச் சாப்பிட்டால் புரட்டாசியிலும் ஓடலாம் என்று மட்டும்தான் சொல்லலாம். வெறும் சோறும் ரசமும் என்றால் எந்த மாதமும் ஓட முடியாது. 12ஐத் தொட எனக்கு இன்னும் 0.4 பாக்கி இருக்கிறது.

யோசித்து விடை சொல்லுங்கள்

1. களிக்கு எந்தக் குழம்பு நல்ல ஜோடி? ஏன்?
2. முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிவது எதற்கு?
3. உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு? தெரியாவிட்டால் அடுத்த முறை நர்சம்மா வரும்போது முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி